தொப்பி மிதந்த இடம்

ஜன்னலைத் திறந்துகொள்ளுங்கள் தம்பி. என் பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் முதல் காரியமாக ஜன்னலைத்தான் திறக்கிறார்கள். நம் ஜில்லாவின் புழுக்கம் அப்படி.

கலெக்டர் ஆபீஸ் ஸ்டாப்பா? நானும் அங்கேதான். வக்கீல் குமாஸ்தாவா? நினைத்தேன். காகிதக் கட்டைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்திருக்கிறீர்களே. என்னிடமும் ஒரு கட்டு இருக்கிறது பாருங்கள். பதினொரு மணிக்கு விசாரணை. ஒருத்தரை நாலு பேர் நடுவில் தலைகுனிய வைக்கத்தான் போய்க்கொண்டிருக்கிறேன். ஒருத்தரை என்று இப்போது மரியாதையாகச் சொல்கிறேன். போகப்போக மரியாதை குறையும், தப்பாக நினைக்கக் கூடாது.

என் பெயர் ஆறுமுகநயினார். காற்று அளக்கிறவன். சிரியுங்கள், பரவாயில்லை, பெண் கொடுக்க வந்த அன்றைக்கு என் மாமனாரே சிரித்தார். ஊர்ச் சாக்கடையெல்லாம் போய்ச் சேருகிற சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறதல்லவா, அங்கே தண்ணீரைச் சோதிக்கிறவர்கள் வேறே. அந்தத் தண்ணீரிலிருந்து எழும்புகிற காற்றைச் சோதிக்கிறவன் நான். தனியார் ஆய்வகத்து ஆள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போய் அளந்து, எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும்.

எப்படி அளப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பெரிய எவர்சில்வர் சட்டியைக் கவிழ்த்த மாதிரி ஒரு சாமான். விளிம்பைச் சுற்றி லாரி ட்யூப். கயிறு கட்டித் தொட்டியில் இறக்கினால் தண்ணீர்மேல் மிதக்கும். அடியிலிருந்து வருகிற காற்று அதற்குள் சேரும். உச்சியில் ஒரு குழாய், குழாய் நுனியில் மீட்டர். இங்கிலீஷில் அதற்கு என்னவோ நீளமாகப் பெயர். நாங்கள் தொப்பி என்போம். தொப்பி எங்கே மிதக்கிறதோ அந்த இடத்துக் கணக்குத்தான் வரும். இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் இதற்குள் அடக்கம்.

அந்த நிலையத்துக்கு இன்ஜினீயர் தாணுமூர்த்தி. ஆள் சிவப்பாக, சட்டை கசங்காமல், பேச்சில் சர்க்கரை போட்ட மாதிரி இருப்பார். நிலையத்தில் நாலு தொட்டி. சாக்கடை வந்து விழுகிறது முதல் தொட்டி. ப்ளோயர் என்று பெரிய மிஷின் வைத்து அடியில் காற்றடித்துப் பொங்கவிடுகிறது இரண்டாவது. சேறு ஒதுங்குகிறது மூன்றாவது. தெளிந்த தண்ணீர் வெளியே போகக் காத்திருக்கிறது நாலாவது. அதில் கொக்கெல்லாம் நிற்கும். முதன்முதலாகப் போன அன்றைக்கு நான் தொப்பியைத் தூக்கிக்கொண்டு முதல் தொட்டிப் பக்கம்தான் நடந்தேன். முறை அதுதான். தாணுமூர்த்தி வந்து தோளில் கை போட்டார்.

“அண்ணாச்சி, அங்கன போயி வழுக்கி விழவா? இங்க வாங்க. நெழலு இருக்கு.”

நாலாவது தொட்டி மூலையில் ஒரு வேப்பமரம். உண்மையிலேயே நல்ல நிழல் தம்பி. அங்கே தொப்பியை மிதக்கவிட்டேன். மீட்டர் இரண்டு காட்டியது. எழுதினேன், கையெழுத்துப் போட்டேன், டீயும் முறுக்கும் வந்தது. அடுத்த தடவை அவர் சொல்லவே வேண்டாம், நேரே வேப்பமரம். ஒன்பது வருஷம். பதினெட்டு ரிப்போர்ட். படிவத்தில் வாடை என்று ஒரு கட்டம் உண்டு. பதினெட்டிலும் ‘உணரத்தக்க வாடை இல்லை’ என்று எழுதியிருக்கிறேன். பொய் எழுதவில்லை. அந்தக் காற்று கொஞ்சமாக இருந்தால் அழுகின முட்டை மாதிரி நாறும், நிறைய இருந்தால் மூக்கே மரத்துப்போகும். என் மூக்கு மரத்து வெகுகாலமாகிறது. எனக்குத் தெரியவில்லை, தெரியவில்லை என்று எழுதினேன். அதில் என்ன தப்பு?

நிலையத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் ஓடைக்கரைக் காலனி. அங்கே அமலோற்பவம் என்று ஒரு பெண்பிள்ளை, பீடி சுற்றுகிறவள். நான் போகிற அன்றைக்கெல்லாம் மடியில் பீடித்தட்டோடு கேட்டுக்கு வந்துவிடுவாள்.

“அண்ணாச்சி, எவ்வளவு காட்டுது?”

“ரெண்டு.”

“ரெண்டுன்னா கூடவா, கொறச்சலா?”

“ஒண்ணுமில்லன்னு அர்த்தம்.”

“அப்பம் எம் பேத்தி வெள்ளிக் கொலுசு ஏன் கரிக்கட்டையா கறுக்குது?”

“புளி போட்டுத் தேய்.”

வாட்ச்மேன் சிரிப்பான். நானும் சிரிப்பேன். அவளும் லேசாகச் சிரித்துவிட்டுப் போவாள். விகற்பம் கிடையாது. பழகின மனுஷி.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷம் தை மாதம் தாணுமூர்த்தி மகளுக்குக் கல்யாணம். வீட்டுக்கே வந்து தாம்பூலத் தட்டில் பத்திரிகை வைத்தார். “நீங்க இல்லாம என்ன கல்யாணம் அண்ணாச்சி” என்றார். என் வீட்டுக்காரி உலகம்மாள் பெட்டியில் கிடந்த பட்டை எடுத்து இரண்டு நாள் காற்றாட விட்டாள். நான் அன்றைக்குக் காலையில் இரண்டு தடவை குளித்தேன் தம்பி. பவுடர், சந்தனம், புதுச் சட்டை. பந்தியில் உட்கார்ந்தோம். இலை போட்டாகிவிட்டது. தண்ணீர் தெளித்தாகிவிட்டது. உப்பு, பச்சடி, ஒரு லட்டு, ஒரு வடை. பருப்பு வாளி நாலு இலை தள்ளி வந்துகொண்டிருக்கிறது. தாணுமூர்த்தி பின்னால் வந்து குனிந்து காதோரம் சொன்னார்.

“அண்ணாச்சி, கொஞ்சம் எந்திரிங்க. மாப்பிள்ள வீட்டு ஆளுக என்னமோ வாடை வருதுங்காக. நீங்களும் மதினியும் கடைசிப் பந்தியில பின்கட்டுல உக்காருங்க. காத்தோட்டமா இருக்கும்.”

இலை போட்டு உட்கார்ந்தவனை எழுப்புவது என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். துக்க வீட்டில்கூடச் செய்ய மாட்டார்கள். வரிசையில் அத்தனை பேரும் பார்க்க எழுந்தேன். உலகம்மாளும் எழுந்தாள். எங்கள் இலையை மடக்கக்கூட இல்லை, அப்படியே சுருட்டி எடுத்துக்கொண்டு போனான் ஒருத்தன். லட்டு உருண்டு போய்த் தூணடியில் கிடந்தது. கடைசிப் பந்திக்கு நாங்கள் நிற்கவில்லை.

நீங்களே நியாயம் சொல்லுங்கள். அது யார் வாடை? அவன் தொட்டி, அவன் சாக்கடை, அவன் காற்று. எழுந்தது நான். அதுவும் எப்பேர்ப்பட்ட ஆளை எழுப்பியிருக்கிறான்? வாடையே இல்லை என்று வருஷத்துக்கு இரண்டு தடவை கைப்பட எழுதிக் கொடுத்தவனை. நான் இல்லை என்று எழுதின வாடை என்மேல் எப்படி வரும்? இதை உலகம்மாளிடம் கேட்டேன். அவள் என்ன சொன்னாள் தெரியுமா?

“அவுக சொன்னதுல பொய் என்ன இருக்கு? இத்தன வருஷமா உங்க தலகாணி உறைய நான் தனியாத்தான ஊறப் போடுதேன்.”

நாலு நாள் அவள் கையால் நான் சாப்பிடவில்லை. ஆனால் அவளை மன்னித்துவிட்டேன். அவனை மன்னிக்கவில்லை. அன்றைக்கு நினைத்தேன், எந்தக் காற்றைச் சொல்லி என்னை எழுப்பினானோ, அந்தக் காற்றை வைத்தே அவனை நாற்காலியிலிருந்து எழுப்புவேன் என்று.

அவசரப்படவில்லை. நடுவில் இரண்டு தடவை அளக்கப் போனேன். சிரித்த முகமாக, அதே வேப்பமரம், அதே இரண்டு. அவனும் ஒன்றும் நடக்காத மாதிரி டீ வாங்கிக் கொடுத்தான். ஒரு தடவைகூட, ‘அன்னைக்கு அப்படிச் சொல்லிட்டேன் அண்ணாச்சி’ என்று வாயில் வரவில்லை. வந்திருந்தால் ஒருவேளை விட்டிருப்பேன். பக்கத்திலேயே நிற்பான், அதனால் எனக்கும் இடம் கிடைக்கவில்லை. இந்தச் சித்திரையில் கிடைத்தது. மகளுக்குத் தலைப்பிரசவம், மூன்று நாள் லீவு. நான் அளக்கிற தேதி அதற்குள் விழுந்தது.

ப்ளோயரை ஓட்டுகிறவர் சேர்மத்துரை. பிள்ளைகுட்டிக்காரர், ஒழுங்கான ஆள், ஒரு நோட்டு வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் மணிவாரியாக எழுதுவார். முதல் நாளே அவரிடம் சொல்லி வைத்தேன்.

“காலையில ஆறு மணிக்கு ப்ளோயர நிறுத்திருங்க. பன்னெண்டுக்கு நான் கை காட்டும்போது போடுங்க.”

“எதுக்கு அண்ணாச்சி? சார் வைவாரே.”

“சார் பேரனக் கொஞ்சப் போயிருக்காரு. அளக்கதுக்கு இதுதான் முறை.”

“இத்தன வருஷமா அப்படி இல்லையே?”

“இப்பம் முறை மாறிட்டு.”

இதில் ஒரு தொழில் நுணுக்கம் இருக்கிறது. ப்ளோயர் நின்றால் தண்ணீர் மூச்சுமுட்டி அழுக ஆரம்பிக்கும். கெட்ட காற்றெல்லாம் உள்ளேயே கரைந்து கிடக்கும், மேலே வராது. ஆறு மணி நேரம் அப்படிப் போட்டுவிட்டு மறுபடி ப்ளோயரைத் தட்டினால், சோடா பாட்டிலைக் குலுக்கித் திறந்த மாதிரி அத்தனையும் ஒரே மூச்சில் மேலே வரும். அந்த நேரத்தில் தொப்பி மிதந்தால் போதும்.

சும்மா இருக்கவில்லை, காலையில் முதல் தொட்டியிலும் முறைப்படி ஒரு தடவை அளந்து பார்த்தேன். முப்பத்தெட்டு. எங்கள் படிவத்தில் பத்தைத் தாண்டினாலே சிவப்பு மையில் எழுத வேண்டும். முப்பத்தெட்டே போதுமே என்கிறீர்களா? போதாது தம்பி. முப்பத்தெட்டுக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வரும். அவன் ஒரு விளக்கம் எழுதுவான். என்னை இலையிலிருந்து எழுப்பினதற்கு ஒரு விளக்கக் கடிதமா? அதனால் முப்பத்தெட்டை எழுதவில்லை. பன்னிரண்டு மணிக்கு இரண்டாவது தொட்டியில் தொப்பியை இறக்கிவிட்டுக் கை காட்டினேன். தண்ணீர் கறுப்பாகப் பொங்கியது. மீட்டர் கூவ ஆரம்பித்தது. ஐம்பது, தொண்ணூறு, நூற்றுநாற்பது. இருநூற்றுப்பன்னிரண்டில் நின்றது. என் வேலையில் அப்படி ஒரு எண்ணை நான் பார்த்ததில்லை. சேர்மத்துரை முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

அரைமணி கழித்து அமலோற்பவம் ஓடி வந்தாள். தட்டு இல்லை, செருப்பு இல்லை. இடுப்பில் பேத்தி, பிள்ளை துவண்டு கிடக்கிறது, வாயோரம் வாந்தி.

“அண்ணாச்சி, இன்னைக்கு என்ன செஞ்சாக? தெருவுல ஒருத்தருக்கும் நிக்க முடியல. ஏழெட்டுப் பிள்ளைக கக்கிட்டுக் கெடக்கு. இத்தன வருஷத்துல இன்னைக்கு மாதிரி ஒரு நாளும் இருந்ததில்ல.”

எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? அந்த வாக்கியம் எவ்வளவு அருமையான வாக்கியம். “இதையே விசாரணையில சொல்லணும், ஒரு எழுத்து மாறக் கூடாது” என்றேன். பிள்ளைக்குச் சாயந்தரமே சரியாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றினார்கள், அவ்வளவுதான். ரிப்போர்ட் நகலை நானே அவள் கையில் கொடுத்து, யாருக்கு மனு எழுத வேண்டும் என்றும் சொல்லிக் கொடுத்தேன். அவள் அந்த எண்ணின் மேல் விரலை வைத்துக்கொண்டே இருந்தாள்.

“இருநூத்திப் பன்னெண்டா? அப்பம் இத்தன வருஷமா ரெண்டு, ரெண்டுன்னது?”

“அத இன்ஜினீயர்கிட்ட கேளு.”

பாவம், விவரம் பத்தாது. யாரைக் கேட்க வேண்டும் என்று தெரியாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த மனுமேல்தான் இன்றைக்கு விசாரணை. நேற்று சாயந்தரம் தாணுமூர்த்தியே போன் பண்ணினான். குரலைக் கேட்டிருக்க வேண்டும் நீங்கள். பணிந்த குரல்.

“அண்ணாச்சி, பழைய ரிப்போர்ட்டு பதினெட்டையும் ஒண்ணு விடாம எடுத்துட்டு வாங்க. எங்கிட்ட உள்ளதக் கரையான் அரிச்சிட்டு. சேர்மத்துரையையும் அவன் நோட்டையும் நான் கூட்டிட்டு வந்துருதேன். நீங்க அலைய வேண்டாம்.”

பயந்துவிட்டான். காலில் விழ வருகிறான். எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன், இதோ பாருங்கள், வருஷவாரியாக நூல் போட்டுக் கட்டி. இரண்டு, இரண்டு என்று பதினெட்டு தடவை ஏமாற்றியிருக்கிறான் என்பதற்கு அத்தாட்சி. மேலே இருக்கிறது புதுசு. பிரித்துப் பாருங்கள், உங்கள் தொழில்தானே.

ஆமாம், கையெழுத்து என்னுடையதுதான். எல்லாவற்றிலும். ஆரம்பத்தில் ‘ஆ’ கொஞ்சம் கோணலாக இருக்கும், போகப்போக நன்றாக வந்துவிட்டது.

தொப்பி வைத்த இடமா? அந்தக் கட்டத்தை நிரப்பவில்லை. நாலாவது தொட்டி என்று எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவார்களே. அவன்தான் வேண்டாம் என்றான். வாயால் சொன்னது. எழுத்தில் எதற்குக் கொடுக்கப் போகிறான்?

ப்ளோயர் நிறுத்தினது புது ரிப்போர்ட்டில் இல்லை. சேர்மத்துரை நோட்டில் இருக்கும். ஆறு மணிக்கு நிறுத்தினேன், அளக்க வந்தவர் சொன்னபடி, பன்னிரண்டுக்குப் போட்டேன் என்று மணி போட்டு எழுதியிருப்பார். அந்த மனுஷன் ஒன்றையும் விட மாட்டார்.

ஏன் தம்பி கட்டை மூடிவிட்டீர்கள்?

சொல்லுங்கள். எதுவானாலும் சொல்லுங்கள்.

...

விசாரணையில் தாணுமூர்த்தி அப்படியா சொல்லுவான்? நான் லீவில் இருந்தேன், இந்த ஆள் என் மிஷினை நிறுத்தச் சொல்லிக் கள்ளக் கணக்கு எடுத்திருக்கிறார், நோட்டைப் பாருங்கள் என்பானா? இதே ஆள்தான் இரண்டு என்று பதினெட்டு தடவை எழுதினார், அதை நம்பித்தான் நான் இருந்தேன் என்பானா? சொல்லுவான். அவன் வாய் சொல்லும். சர்க்கரை போட்டுச் சொல்லும்.

இருங்கள், அந்தக் கட்டை இப்படிக் கொடுங்கள். அவன் பெயர் இதில் எங்கேயாவது இருக்க வேண்டுமே. பெறப்பட்டது என்று முத்திரை இருக்கிறது, நகராட்சி முத்திரை. சுருக்கொப்பம் இருக்கிறது. இது ஆபீஸ் கிளார்க்குப் பெண் போட்டது. இதுவும். இதுவும் அந்தப் பெண்தான். பத்தொன்பது காகிதம் தம்பி. தாணுமூர்த்தி என்று ஒரு இடத்தில்கூட இல்லை. எல்லா இடத்திலும் ஆறுமுகநயினார். நான்தான் உட்கார்ந்து நூல் போட்டுக் கட்டினேன், நேற்று.

இறங்கிப் போய்விடலாமா? போகலாம் என்கிறீர்கள். போனால் புது ரிப்போர்ட் தள்ளுபடி, அமலோற்பவத்தின் மனுவும் அதோடு போகும். போகட்டும், அவளுக்கென்ன, பழகின வாடைதானே. அப்படிப் பார்க்காதீர்கள். உங்களுக்கும் பிள்ளை இருக்கிறதா? இரண்டு வயசா? அவள் பேத்திக்கு மூன்று.

நான் கேட்பது வேறே. நான் இறங்கிப் போனால் அவன் என்ன ஆவான்? ஒன்றும் ஆக மாட்டான். மத்தியானம் வீட்டுக்குப் போய் வாழை இலை போட்டுச் சாப்பிடுவான். பேரனை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுவான்.

வேறு வழி என்ன இருக்கிறது? அதைச் சொல்லுங்கள். முழுவதையும் எழுதிக் கொடுக்கிறதா? நானே? வேப்பமரத்தையும், ப்ளோயரையும், எழுதாமல் விட்ட முப்பத்தெட்டையும்? எழுதிக் கொடுத்து, வேறே ஆளை வைத்து முதல் தொட்டியில் மறுபடி அளக்கச் சொல்லிக் கேட்கிறதா? அளந்தால் அந்த முப்பத்தெட்டு வரும். அது நிஜமான எண், வராமல் எங்கே போகும். சேர்மத்துரையும் வேப்பமரத்தைக் கண்ணால் கண்டவர். கேட்டால் மறைக்கத் தெரியாது அவருக்கு.

என் வேலை? போய்விடும் என்கிறீர்கள். சரி. என்மேல் கேஸ்? வரலாம். வரட்டும். அவன்? ஒன்பது வருஷம் நிழலைக் காட்டினதற்கு அவனும் பதில் சொல்ல வேண்டியிருக்குமா? ‘இருக்கும்’ என்று இழுக்காதீர்கள், நிச்சயமாகச் சொல்லுங்கள். நான் கூண்டில் நின்றால் பக்கத்தில் அவனும் நிற்பானா? கசங்காத சட்டையோடு?

கேட் போட்டுவிட்டான். கூட்ஸ் வண்டி போகிற வரைக்கும் பஸ் நகராது. உங்களிடம் வெள்ளைக் காகிதம் இருக்கிறதா? நீங்கள் எழுதுங்கள், நான் சொல்கிறேன். பழக்கப்பட்ட கை உங்களுடையது. முதலில், சுத்திகரிப்பு நிலையத்து இன்ஜினீயர் தாணுமூர்த்தி என்பவர், என்று ஆரம்பியுங்கள்.

கூடாதா? ஏன் கூடாது? வாக்குமூலம் என்றால் கொடுக்கிறவன் பெயரில்தான் ஆரம்பிக்க வேண்டுமா? அவன் பெயரை முதலில் போட்டுவிட்டு என்னைக் கீழே போட வழியே இல்லையா?

சரி. எழுதுங்கள். ஆறுமுகநயினார் ஆகிய நான். தகப்பனார் பெயர் சுப்பையா. வயது ஐம்பத்தாறு. காற்று அளக்கும் வேலை. ஒன்பது வருஷமாக நான் தொப்பியைத் தப்பான இடத்தில் வைத்தேன். ஆமாம், நான் என்றே எழுதுங்கள். எழுதியாயிற்றா? கொஞ்சம் நெருக்கி எழுதுங்கள் தம்பி, இடம் பத்தாமல் போய்விடப் போகிறது. தாணுமூர்த்தி பெயர் எத்தனாவது வரியில் வரும்?